வில் அமுக்கி

14-9-2025, ஞாயிறு

இன்று கொல்லைக் கொட்டகையில் இருந்தவர்கள்: என் மகன் செங்குட்டுவன், மருமகள் காயத்ரி, பேத்தி இசைப்பிரியா, பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜாபர் அலி, நான். வேறு ஆள் இல்லை. யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுவேன். பின்னால் ஆளுக்கொரு விதமாக மாற்றிப் பேசுவார்கள். மூணாங்கிளாஸ்தான் படித்தேன். ஆனால் என்னிடம் மாற்றிப் பேச முடியாது.

வில் அமுக்கி முடிந்துவிட்டது. இசைப்பிரியாவின் வில்லுக்கு இரண்டு முனையிலும் சக்கரம். சும்மா வைத்திருந்தாலும் நாண் விறைத்துக்கொண்டே நிற்கும். நாணை மாற்ற வேண்டுமானால் வில்லின் இரண்டு தண்டையும் சேர்த்து வளைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கான மிஷினுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. "ஒவ்வொரு வாட்டியும் எவன் பஸ் ஏறுறது? நானே செய்றேன்" என்றான் மகன். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் அல்லவா. சதுரக் குழாய், பழைய ஜாக்கியின் மரைக்கம்பி. தண்டைப் பிடிக்கிற இரண்டு இரும்புக் கைக்கும் காயலான் கடையில் வாங்கிய பெல்ட் ரப்பரை ஒட்டியிருக்கிறான். வெல்டிங் ஜாபர் அலி.

"தீவாளிக்கு முறுக்கு புழிய ஆவுமா செங்குட்டு?"

"உன் வெரல உள்ள வுடு பாய், புழிஞ்சி காட்டறேன்."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ரப்பர்ல எண்ண படக் கூடாது. வழுக்குச்சின்னா தண்டு துள்ளி மூஞ்சில அடிக்கும். ஒவ்வொரு தபாவும் காஞ்ச துணியால அழுத்தித் தொடச்சிட்டுத்தான் வில்ல மாட்டணும். தொடைக்கிறது உன் வேல பாப்பா."

"சரிப்பா" என்றாள்.

21-9-2025

பழைய ஜன்னல் சட்டத்தில் செய்தித்தாளைக் கட்டி அதன் வழியாக அம்பு விடுகிறார்கள். நான் இன்னும் படித்து முடிக்காத பேப்பர். ஓட்டை சுத்தமாக விழுந்தால் வில் சரியாக இருக்கிறதாம். ஒரு பக்கமாகக் கிழிந்தால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகிறதாம். கிழிசலைப் பார்த்துப் பார்த்து அப்பனும் மகளும் திருகாணியை முடுக்குகிறார்கள். கடைசியில் "ஆயா, ஓடியா! எப்பிடி வுழுந்துக்குது பாரு!" என்று கத்தினாள். ஓடினேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

27-9-2025

வருகிற சனிக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. நாண் நைந்துபோயிருக்கிறது. புதிது கூரியரில் வர வேண்டும். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை.

1-10-2025, ஆயுத பூசை

காயத்ரியின் அண்ணன் தெய்வசிகாமணி காலையிலேயே சேத்தியாத்தோப்பிலிருந்து வந்துவிட்டார். மகன் கல்யாணப் பந்தியில் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இலை போடாமல் நிற்கவைத்த ஆள். பத்தொன்பது வருசம் ஆகிறது. அவர் மறந்திருப்பார்.

செங்குட்டுவனுக்கு முதல் ஷிப்ட். "மாப்ள வர்றதுக்குள்ள நானே பூசைக்கு எடுத்து வெக்கறேன்" என்று கொட்டகைக்குள் போனார். டிராக்டர் வைத்திருக்கிறவர். வருசா வருசம் கலப்பை, அரிவாள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்துப் பழகிய கை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னவோ முனகினாள். "தாய்மாமன் பூச பண்றாரு, குறுக்க பேசாத" என்று காயத்ரி அதட்டியது மட்டும் கேட்டது.

மத்தியானம் நாண் வந்தது. பூசையில் வைத்த சாமானை இன்றைக்குத் தொடக் கூடாது. "நாளைக்கு விசயதசமி, ஷிப்ட் முடிஞ்சி வந்ததும் மொத வேலையா மாட்டிடலாம்" என்றான் மகன். பிள்ளைக்கு முகமே சரியில்லை.

2-10-2025

எழுதணும். தண்டு வழுக்கிகினு போய் செங்குட்டுவன் கண்ணுல — இடது கண்ணு. ரத்தம். ஜாபர் அலி தூக்கிகினு போனாரு. பாண்டிச்சேரிக்கு. எம்புள்ள "யம்மா, வெளக்க யாரு அணைச்சது"ன்னு கேட்டான். சாயங்காலம். வெயிலு இருந்திச்சி. மாரியாத்தா.

6-10-2025

கண்ண எடுத்துட்டாங்க.

சனிக்கிழமை தேர்வுக்குப் பேத்தி போகவில்லை.

12-10-2025

மகனை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். தெய்வசிகாமணி வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "என்னாலதான் மாப்ள. ரப்பர்ன்னு தெரியாம அங்கயும் எண்ணெய பூசிட்டன் மாப்ள."

"ஏந்திரு மச்சான். இன்னொண்ணு இருக்குதே. உன் மூஞ்சிக்கு அது போதும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த ஆளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இசைப்பிரியா கதவோரம் நின்றாள்.

படுத்த பிறகு ஒன்று உறைத்தது. எண்ணெய் பூசினால்தான் என்ன? துடைத்துவிட்டுத்தானே மாட்டினான்? அன்றைக்குக் கொடியில் துணி எடுத்துக்கொண்டு நின்றேன், இவர்கள் பேசியது கேட்டதே. "ரப்பர தொடச்சிட்டியா பாப்பா?" "தொடச்சிட்டம்ப்பா." அவன் வார்த்தையும் அவள் வார்த்தையும் அப்படியே காதில் இருக்கின்றன.

14-10-2025

கொட்டகைக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு யாரும் பூட்டைத் திறக்கவில்லை. தண்டு வழுக்கியது மேல் இரும்புக் கையில். அந்த ரப்பரில் எண்ணெய் இன்னும் மினுமினுக்கிறது. ஓரத்தில் தெய்வசிகாமணி வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கலையவே இல்லை. துணி பட்டிருந்தால் பொட்டு இருக்குமா?

பேத்தியைக் கூப்பிட்டேன். வந்தாள். பொட்டைக் காட்டினேன். கீழே பார்த்தாள்.

"துணி எங்கியோ கெடந்திச்சி ஆயா. தேடிகினு இருந்தா இருட்டிடும். வெளிச்சம் போறதுக்குள்ள புது நாணுல நாலு அம்பு வுட்டுப் பாக்கணும்னு…"

"எண்ண பூசுனது தெரியுமா உனக்கு?"

"தெரியும். அன்னிக்கே வேணாம் மாமான்னு சொன்னன். அம்மா தான் அதட்டுச்சி."

"தெரிஞ்சிகினா தொடச்சிட்டன்னு சொன்ன?"

அழுதாள். நான் தொடவில்லை. "அப்பாகிட்ட சொல்லிடாத ஆயா" என்றாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீயே சொல்லு என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

20-10-2025, தீபாவளி

சொல்லவில்லை.

9-11-2025

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தெய்வசிகாமணி வருகிறார். அரிசி, கத்தரிக்காய், போன வாரம் ஒரு கோழி. வாசலிலேயே வைத்துவிட்டு நிற்கிறார். காயத்ரி சொந்த அண்ணனிடம் பேசுவதில்லை. பேத்தி அவரைத் தாண்டித்தான் பயிற்சிக்குப் போகிறாள். ஆமாம், மறுபடி போகிறாள். அப்பன்தான் அனுப்பினான். "எனக்குத்தாண்டி கண்ணு போச்சி, உனக்கா போச்சி? வில்லை எடு" என்றான்.

இன்றைக்கும் சொல்லவில்லை.

30-11-2025

மகனை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்து கொட்டகையில் உட்கார்ந்து அமுக்கியைத் திருத்துகிறான். தண்டு நழுவாமல் இருக்க இரண்டு கையிலும் இரும்பு நாக்கு வைக்கிறான். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் கொட்டுகிறது, ஆனால் இந்த வேலையை விடவில்லை. "யம்மா, மச்சான் மேல கோவம் வெச்சிக்காத. தெரியாம செஞ்ச மனுசன்" என்றான்.

"இல்லடா" என்றேன். வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

11-1-2026, ஞாயிறு

இரண்டாவது தேர்வில் இசைப்பிரியாவை எடுத்துக்கொண்டார்கள். மாநில அணி. தேர்ந்தவர்கள் பெயரை மைக்கில் படித்தபோது அவள் அப்பன் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினானாம். ஜாபர் அலி தெருவுக்கே கேட்கச் சொன்னார். தெய்வசிகாமணி லட்டோடு வந்து வாசலில் நின்றார். அவள் ஓடிப்போய் அவர் கையிலிருந்தே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "தேங்க்ஸ் மாமா." அந்த மனுசன் அவள் தலையில் கைவைத்து, "என்ன மன்னிச்சிட்டியாடி தங்கம்?" என்று கேட்டார்.

"மன்னிச்சிட்டன் மாமா" என்றாள்.

பிறகு நானே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, உள்ள வாங்க என்றேன். சாப்பாடு போட்டேன். அவரோடு இருந்த கல்யாணப் பந்திக் கணக்கு முடிந்தது.

செங்குட்டுவனிடம் நான் சொல்லப் போவதில்லை. மீதி இருக்கிற கண்ணால் அவன் அவளைப் பார்க்கிற பார்வையை நான் கெடுக்க மாட்டேன். அவள் வந்து தட்டை நீட்டினால் சோறு போடுவேன். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவேன். பெத்த பிள்ளையைவிட ஒரு படி மேலாகத் தூக்கி வளர்த்தவள் நான். அதெல்லாம் வேற. மன்னிக்கிறது வேற. நான் மன்னிக்காத ஆள் இந்த உலகத்தில் இனி ஒருத்திதான்.

இசைப்பிரியா.