கதவுக்குள் போன கமரா

வெள்ளிக்கிழமை இரவு, இணுவில்

படத்தின் நீளம் பத்தொன்பது நிமிடம் கூடியிருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். நான் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயந்த அந்த விண்கப்பல் படத்தை என் கணினியிலிருந்து அழித்துவிட்டு, பெரியம்மாவின் மகன் குகன் அண்ணை வேறொன்றை ஏற்றியிருந்தார்.

“பழசு எங்கை அண்ணை?”

“அழிச்சுப்போட்டன். இது டைரக்டரே தன்ரை விருப்பத்துக்குத் திருப்பி வெட்டினது. முழுப்படம்.”

இருந்து பார்த்தேன். முழுதாகத்தான் கெடுத்திருக்கிறார்கள். பழையதில் பொறியாளர் கீழ்த்தளத்துக்குப் போவார், கதவு மூடும், பிறகு அவர் வரவே மாட்டார். அந்த மூடிய கதவுதான் பயம். இப்போது கமராவும் உள்ளே போகிறது. பழையதில் கண்ணிலேயே காட்டாத பூதம் வெளிச்சத்தில் நிற்கிறது, முழங்காலில் ரப்பர் மடிப்புகூடத் தெரிகிறது.

நான் கலியாண வீடியோ வெட்டிக் கொடுக்கிறவள். கலியாண வீட்டுக்காரர் ஒருவரையும் வெட்ட விடமாட்டார்கள். பந்தியில் சோறு பிசைகிற மாமா எல்லாம் இருக்க வேண்டும், கடைசியில் தாலி கட்டுவதைத் தேட வேண்டும். அந்த டைரக்டரும் அப்படித்தான். தன் பூதத்தை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதை அண்ணையிடம் சொன்னேன். அவருடன் இவ்வளவு நான் கதைத்ததே இல்லை.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “சித்தி, ஒன்பதாம் வகுப்போடை நிண்டவ டைரக்டருக்குப் படிப்பிக்கிறா.”

அம்மாவும் சிரித்தார். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கவில்லை.

அண்ணை போனதும் வீடியோ வெட்டும் மென்பொருளைத் திறந்து படத்தை அதில் போட்டேன். பொறியாளரின் பின்னால் கதவு மூடியது. அந்த இடத்தில் வெட்டினேன்.