மதராஸ் போகும் வழியில் புதுச்சேரி

காரைக்கால், 9 மே 1955, திங்கள்

நாளை விடிந்ததும் அண்ணன் காரில் மதராஸ். ஆறு வருடம் முன்னால் என்னை அண்ணன் வீட்டில் விட்டுப் போன கணவர் இப்போது கூப்பிடுகிறார். அவருடைய அம்மா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையாகிவிட்டாராம். "சோமு மாப்பிள்ளை மனசு மாறிட்டாரு நாயகி" என்கிறார் அண்ணன். மனசா மாறியது?

பள்ளிக்கூட வேலையை விடச் சொன்னார் அண்ணன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை. பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருக்கிறேன்.

10 மே

எல்லையில், பூவத்தில், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சுங்கச் சாவடி காலியாகக் கிடந்தது. முன்பெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டாமல் நகர முடியாது. இன்று யாராவது மறித்துத் திருப்பி அனுப்பினால் தேவலை என்றிருந்தது.

அரியாங்குப்பத்தில் கார் நின்றுவிட்டது. மாடு பூட்டி இழுத்துக்கொண்டு புதுச்சேரி வந்தோம். காருக்கு வேண்டிய சாமான் மதராஸிலிருந்து வர வேண்டுமாம். குஞ்சம்மா சித்தி வீட்டில் இருக்கிறோம். அம்மாவின் தங்கை.

11 மே

உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. சித்தி ஊர் சுற்றிக் காட்டினார். கடலுக்குள், புயலில் போன பழைய பாலத்தின் இரும்புக் கால்கள். சித்தப்பா சைகோனுக்குக் கப்பல் ஏறியது அங்கிருந்துதானாம். பிறகு பூங்கா. நடுவில் வெள்ளை மண்டபம்.

"ஆயின்னு ஒரு தாசி. அவ வீட்டு வெளிச்சத்தைப் பாத்து, கோயில்னு நெனச்சு ராசா கும்பிட்டுட்டாரு. தாசி வீடுன்னதும் கோவம். இடிங்கன்னுட்டாரு. அவளே இடிச்சு, அந்த இடத்துல குளம் வெட்டினா. பின்னால அந்தத் தண்ணிதான் ஊருக்கு வந்துச்சு. அதுக்குத்தான் பிரெஞ்சுக்காரன் இந்த மண்டபத்தைக் கட்டினான்."

"அப்புறம் அவ எங்க இருந்தா சித்தி?"

"யாரு?"

"ஆயி. வீட்டை இடிச்சப்புறம்."

சித்தி யோசித்தார். "அத யாரும் சொன்னதில்லையே."

12 மே

மறுபடி பூங்காவுக்குப் போனேன், தனியாக. காவல்காரரையும் அதையே கேட்டேன். சிரித்தார். "அதான் தண்ணி வந்துச்சேம்மா!"

எனக்கு ஏன் இப்படி ஆத்திரம் வருகிறது?

சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன் — அங்கே சரிப்படவில்லை என்றால் திரும்பி வரலாமா என்று. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் ரூம்ல என் பெரிய பையனுக்குக் கட்டில் போடச் சொல்லிட்டு வந்தேம்மா."

13 மே

கார் தயார். நான் ஏறவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்லுவேன்?"

"அவங்க அம்மாவைப் பாத்துக்க மாட்டேன்னு சொல்லலண்ணே. அவங்க எழுந்து நடந்துட்டா நான் எங்க இருப்பேன்? அத மட்டும் சொல்லுங்க."

அண்ணன் காரில் ஏறினார். கதவை அறைந்து சாத்தினார். ஒற்றையாகவே மதராஸ் போனார்.



16 மே

பஸ்ஸில் காரைக்கால். அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. என்னிடம் கணக்குப் படிக்கும் மெஹர் பானுவின் அம்மா கமர் நிஷா, தன் வீட்டுப் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார். எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல சாப்பிடுங்க டீச்சர்" என்றார்.

17 மே

தப்புச் செய்துவிட்டேனா? அந்தம்மா அங்கே படுத்துக் கிடக்கிறாரே. யார் தண்ணீர் கொடுப்பார்கள்? நான் ஏன் கல்லாகிப் போனேன்? கல்லென்றால் தூக்கமாவது வருமே.

20 ஜூன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணன். கையில் ஒரு சீப்பு பூவன்பழம். எந்த வீட்டிலும் நேரே உள்ளே நுழைகிறவர், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

"உள்ள வரலாமா நாயகி?"

"வாங்கண்ணே."

பாய் விரித்தேன். சுற்றிப் பார்த்தார். மதராஸில் அந்தம்மாவுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்களாம். காபி கொடுத்தேன்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார்.

இன்னும் அரைக் கரண்டி போட்டுக் கொடுத்தேன்.