இரண்டாவது அடி

அண்ணாச்சி,

காலையில் பேண்டேஜ் துணி வந்து இறங்கியது. கட்டைப் பிரித்ததும் அந்தக் காரமான வெளுப்பு வாடை. எல்லையில் சண்டை நடப்பதால் ஆர்டர் கூடியிருக்கிறது. எதிர் டீக்கடையில் ஆளாளுக்குத் தளபதி. "அவன்தான மொதல்ல உள்ள வந்தான்? இனி நாம என்ன செஞ்சாலும் தப்பில்ல" என்றார் ஒருவர். என் பழைய பேச்சு, வேறு வாயில். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் நம் தெருவில் கலவரம் நடந்த மத்தியானம், பெட்ரோல் கேனோடு ஒருவன் இதே கடைக்குள் நுழைந்தான். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியால் அடித்தேன். கேனைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். விடாமல் போய், வாசல்படியில் வைத்து மறுபடியும் அடித்தேன், பின்மண்டையில்.

பக்கத்து மருந்துக்கடையிலிருந்து ஓடிவந்த நீங்கள், என் அலமாரியிலிருந்தே ஒரு சுருள் எடுத்து அவன் தலையைக் கட்டினீர்கள். கொளுத்த வந்தவனுக்கு என் சரக்கா என்று கத்தினேன். நிமிராமலே சொன்னீர்கள்: "விழுந்த பொறவு அவன் எதிரி இல்ல அண்ணாச்சி. நோயாளி." பட்டாளத்தில் இருந்தபோது இரு பக்கத்து ஆட்களுக்கும் கட்டுப்போட்ட கை உங்களுடையது.

கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. ஒரே அடி என்றால் தற்காப்பு, தப்பிக்கலாம் என்றார் வக்கீல். உங்களிடம் வந்து கெஞ்சினேன். நான் உள்ளே போனால் கடையும் போச்சு, மகள் கல்யாணமும் போச்சு. "சண்டைக்கு நியாயம் உங்க பக்கம்தான், அதையும் சொல்லுதேன். ஆனா ஓடுறவன அடிச்சதுக்கு அந்த நியாயம் எட்டாது" என்றீர்கள். கூண்டில் ஏறி இரண்டு அடி என்றே சொன்னீர்கள். எதிர்க் கடைக்காரர் ஒன்று என்றார். அவரை நான்தான் பேசி அழைத்துவந்தேன், ஒளிப்பானேன். நான் விடுதலையானேன்.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் வழியே துண்டு போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தீர்கள். "வாங்க அண்ணாச்சி" என்று நகர்ந்தும் கொடுத்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ராஜபாளையம் வரைக்கும் நின்றே வந்தேன். யார் வந்து கேட்டும் நீங்கள் அந்தத் துண்டை எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு சுவர் தள்ளி இத்தனை வருஷம், ஒரு வார்த்தை கிடையாது. உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். உங்கள் கடையில் இப்போது ஒரு புதியவர் போட்டோ பிரேம் விற்கிறார். அவரோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

முதல் அடி இன்றும் உறுத்தவில்லை அண்ணாச்சி. அப்படி ஒருவன் வந்தால் மறுபடியும் அடிப்பேன். இரண்டாவதுதான். அடிபட்டவன் முதுகைக் காட்டி ஓடியதால் அதைப் பார்க்கவில்லை. எதிர்க் கடைக்காரர் அன்று கடையே திறக்கவில்லை. பார்த்தது நீங்களும் நானும் மட்டும். இனி அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.