சிரிச்சிக்கிட்டுப் போன மணப்பொண்ணு

காத்தான்குடி
20.06.2010

மகளுக்கு உம்மாட சலாம்.

சண்டை முடிஞ்சதோட நம்மட ஊருக்கும் படம் புடிக்க வந்திரிக்காங்க. ஒரு உம்மாவும் ரெண்டு பொம்புளப் புள்ளைகளும்தான் கதை. இதுவரைக்கும் படத்தில நம்மட ஆக்கள் எண்டா புடவைக் கடை முதலாளிதான், அதுவும் ரெண்டு நிமிஷம். இந்தப் படத்தில பிழை இரிந்தாச் சொல்லுங்க எண்டு என்னையும் கூப்பிட்டாங்க. நான் உடுவனா?

நேத்து கல்யாணக் காட்சி. மூத்தவள் அழுதழுது உம்மாட வீட்ட உட்டுப் போறாள். எனக்கு வந்த கோவம்!

"நிப்பாட்டுங்க! இஞ்ச பொண்ணு போறதில்ல. வீடு அவளுக்குச் சீதனம். மாப்புளதான் வந்து இரிப்பாரு."

படம் எடுக்கிற கொழும்புப் புள்ள மெதுவாக் கேட்டாள்: "ஒருத்தியும் போனதே இல்லையா, உம்மா?"



"ஒருத்தி போனாள்" எண்டன். "அவளுக்குக் கட்டின வீட்ட சுனாமி கொண்டு போயிட்டுது. உம்மா அழுதிருவா எண்டு சிரிச்சிக்கிட்டே வேன்ல ஏறினாள்."

இப்ப கதைய மாத்திட்டாங்க, படத்தில மூத்தவள்ட மாப்புளதான் உம்மாட வீட்டுக்கு வாறாரு. இளையவள் சிரிச்சிக்கிட்டுப் போறாள். அஞ்சு வருஷமா வாயில வராதத சொன்ன பொறகு நெஞ்சு லேசாப் போச்சு, மகள்.

ஒன்ட பழைய வீடு இரிந்த வளவில வாப்பா புது வீட்டுக்குக் கூரை போட்டுட்டாரு. மாப்புளயக் கூட்டிக்கிட்டு வா. வாசல்ல நிண்டு நல்லா அழு. இந்த முறை சிரிக்கத் தேவல்ல.

ஒன்ட உம்மா