பூண்டு நாறிய ஊசி

இன்று மருமகள் பழைய கடலை எண்ணெயில் பூண்டைக் கருகவிட்டாள். அவள் முகம் சுளித்து ஜன்னலைத் திறக்க, நான் அடுப்படியிலேயே நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். அது உன் ஊசியின் வாசம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மட்டாஞ்சேரியில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுட வறுத்த மாவு தீர்ந்தால் அடுத்த வீட்டு டின்னை எடுத்துக்கொள்வோம். கேட்டுவிட்டு எடுத்தால் உனக்குக் கோபம் வரும். "நான் என்ன அசலூர்க்காரியா?" என்பாய். அன்று காலையும் கேட்காமல்தான் எடுத்தேன். நான் சுடச்சுட நீ அடுப்போரம் உட்கார்ந்து தின்றாய். என் பங்கை நான் வாயில் வைப்பதற்குள் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாய். அப்போதுதான் உன் வீட்டுக்காரர் டின்னைத் தேடி வந்தார். மிளகுக் கிடங்கில் எலிக்கு வைக்க வெள்ளைப் பாஷாணம் கலந்த மாவாம். கொண்டுபோக மறந்து அலமாரியில் வைத்துவிட்டாராம்.

எறணாகுளம் போகும் படகில் உன் தலை என் மடியில் கிடந்தது. பாவி, நானே உன்னைக் கொன்றுவிட்டேனே என்று அழுதுகொண்டே வந்தேன். உலகச் சண்டையில் விஷப்புகைக்கு முறிவாகக் கண்டுபிடித்த மருந்து இருக்கிறது, பாஷாணத்தைப் பிடித்துக்கொண்டு மூத்திரத்தோடு வெளியேறிவிடும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கடலை எண்ணெயில் கலந்த மருந்து, கெட்டுப்போன பூண்டாக நாறியது. நாலு மணி நேரத்துக்கொரு தரம் இடுப்பில் ஆழமாகக் குத்தினார்கள். நர்ஸின் ஏழு தலைமுறையையும் நீ திட்டினாய். நீ திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது.

வீடு திரும்பிய பிறகு உன் வாசலை நான் மிதிக்கவில்லை. என்ன முகத்தோடு வருவேன்? பத்தாம் நாள் நீயே காலி டின்னோடு வந்து, பத்திரி சுடு என்றாய். என் வீட்டு மாவில் சுட்டேன். முதலில் நான் தின்கிறேன் என்றேன்.

"சாரமில்ல புள்ளே, ஒண்ணும் ஆகாது. அந்த ஊசிக்கே சாகாதவ, உன் பத்திரிக்கா சாகப்போறேன்?"

நான் பிய்ப்பதற்குள் நீ வாயில் போட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் என் கையால் தின்றாய்.

நேற்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண், கொஞ்சம் மாவு கேட்டு வாசலிலேயே தயங்கி நின்றாள். எனக்குச் சுரீரென்றது. நான் என்ன அசலூர்க்காரியா, உள்ளே வந்து எடுத்துக்கொள் என்று திட்டினேன். ஆனாலும் அவள் எடுக்குமுன் ஒரு சிட்டிகையை என் வாயில் போட்டுப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.