இருநூற்றுப் பதினேழாம் எண்

விருதுநகர்
12.8.2024

அன்புள்ள மாப்பிள்ளை காளிராஜுக்கு,

நானும் மகள் ஸ்ரீமதியும் சுகமே. குனிந்தே தைப்பதால் அவளுக்கு முதுகுவலி. போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் பிரஸ்ஸிலிருந்து நோட்டீஸ் கட்டு வந்து சேர்ந்தது. 'ஸ்ரீமதி தையலகம்' என்ற எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது. அடியில் கிழித்துக்கொண்டு வரும் துண்டு, அதற்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடி, துண்டில் வரிசை எண், எல்லாம் நான் கேட்டபடியே. எந்தப் பக்கம் கொடுத்த நோட்டீஸ் ஆளைக் கொண்டுவருகிறது என்று எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 1 முதல் 600 வரை பேப்பருக்குள் வைக்க ஏஜெண்டிடம் கொடுக்கிறேன். 800 வரை சூலக்கரை அலுவலகங்களில். மீதியைக் கோயில் வாசலில் நானே நின்று கொடுக்க வேண்டும். எனக்கு அது வருமா என்று தெரியவில்லை.

தவறாக நினைக்காதே. 433 முதல் 438 வரை ஆறு தாள்கள் கட்டில் இல்லை. இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

கணவன் வீட்டை விட்டு அவள் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தீபாவளிக்குள் கடைக்கு ஆள் பழகாவிட்டால் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விடுவேன் என்கிறாள். உன் அக்கா போனபிறகு இந்த வீட்டில் பேச்சுக்குரல் என்றால் அவளுடையதுதான். அவளைப் போகவிட எனக்கு மனமில்லை.

உன் அத்தான்,
சங்கரபாண்டியன்

சிவகாசி
16.8.2024

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

ஆயிரத்தையும் ஒக்காந்து எண்ணுனீகளா! வீட்ல பொன்னுத்தங்கம் கேட்டுட்டுச் சிரிச்சா. அந்த ஆறும் சாம்பிளுக்கு எடுத்து ஃபைல்ல வச்சிருக்கோம். வேணும்னா அனுப்பிவைக்கிறேன்.

இங்கன காலண்டர் சீசன் ஆரம்பிச்சாச்சு, மூச்சுவிட நேரமில்ல. நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டே நிக்காதீக. எதிர்ல வர்றவுக கையில திணிச்சிட்டு நடங்க. ஸ்ரீமதிக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல.

அன்புடன்,
காளிராஜ்

விருதுநகர்
22.9.2024

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பேப்பருக்குள் வைத்ததில் ஒரு துண்டுகூடத் திரும்பவில்லை. என் வீட்டுக்கு வந்த பேப்பரிலேயே நோட்டீஸ் இல்லை. ஏஜெண்ட் கட்டை அப்படியே எடைக்குப் போட்டிருப்பார் என்று சந்தேகம். முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. சூலக்கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோயில் வாசலில் வாங்கியவர்கள் அதிலேயே திருநீற்றை மடித்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெண் 217ஆம் எண்ணோடு வந்தாள். பேப்பரில் வைத்தது ஒன்றாவது வந்ததே என்று மகிழ்ச்சியோடு நோட்டில் குறித்தேன். மறுநாள் இன்னொருத்தி, அவள் துண்டிலும் 217. இருவருக்கும் ஸ்ரீமதி தைத்துக் கொடுத்துவிட்டாள். பிறகு ஞாயிறுதோறும் 217, 217 என்று வந்துகொண்டே இருக்கிறது. மூக்கம்மாள் என்ற பெண்ணிடம் கேட்டேன்.

"எந்த ஊரும்மா?"

"ஆமத்தூரு. வேலை சிவகாசியில, காலண்டர் பிரஸ்ல."

"யார் பிரஸ்?"

"காளிராஜ் மொதலாளி பிரஸ். ஏன் தாத்தா, போலீஸ் கணக்கா விசாரிக்கீக? ஜாக்கெட் தைக்கத்தான வந்தேன்!"

ஞாயிறு காலையில் ஸ்ரீமதி நூலும் லைனிங் துணியும் வாங்கப் போய்விடுவாள். அந்த நேரத்தில் இப்படி வந்த பதினொரு பேரை, துண்டு செல்லாது என்று சொல்லி, துணியையும் வாங்காமல் அனுப்பிவிட்டேன்.

பஸ் காசு கொடுத்து நீதான் ஆள் அனுப்புகிறாய். சிவகாசியில் தையற்காரர்களா இல்லை? கடை நடப்பதுபோல எங்களுக்குக் காட்ட நினைத்தாயா, இல்லை நாளைக்கு என் தயவில்தான் நடந்தது என்று சொல்லவா? எல்லாருக்கும் ஒரே எண்ணை அடித்துக் கொடுத்ததில் மாட்டிக்கொண்டாய். நான் நினைப்பது தவறென்றால் எழுது. தவறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சங்கரபாண்டியன்

சிவகாசி
26.9.2024

அத்தானுக்கு,

நீங்க கேட்டதுக்குப் பதில் எழுதுறேன்.

உங்க நோட்டீஸ் ஓடுறப்ப நம்பர் மெஷின் 217ல சிக்கிருச்சு. நாங்க பாக்குறதுக்குள்ள எழுபது எண்பது தாள் அதே நம்பர்ல விழுந்துருச்சு. அதைக் கழிச்சிட்டு உங்களுக்கு நல்லதா ஓட்டிக் கொடுத்தோம். கழிச்ச தாளை பைண்டிங் பொம்பளைக வீட்டுக்குக் கொண்டுபோறது இங்கன வழக்கம். பின்பக்கம் வெள்ளையா இருக்குல்ல, பிள்ளைக எழுதிப் பழகும். அப்படித்தான் உங்க நோட்டீஸ் ஆமத்தூர் போயிருக்கு.

மொதல்ல வந்தவ பாண்டிலட்சுமி. காலண்டர் மேல்விளிம்புல தகரப் பட்டை அடிக்கிறவ. நேத்து அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாளெல்லாம் கையத் தூக்கித் தூக்கி அடிக்கிறோம் மொதலாளி. அக்குள்ல பிடிக்காத ஜாக்கெட்டை அந்த அக்காதான் தச்சுக் குடுத்துச்சு"ன்னா. அவ போட்டுட்டு வந்ததைப் பாத்துத்தான் மத்தவ எல்லாம் கிளம்பியிருக்காளுக. நான் ஒருத்தரையும் அனுப்பலை. தானா வந்த பதினோரு பேரை நீங்கதான் வெரட்டிவிட்டீக.

மூக்கம்மா, நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்ரீமதியைத் திட்டியிருக்கா. நேத்து மத்தியானம் ஸ்ரீமதி இங்க வந்து, சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தரா மன்னிப்புக் கேட்டா. போறப்ப, பிரஸ்ஸுக்கு முன்னால இருக்க ரூம் காலியான்னு கேட்டா. விஜயதசமிக்கு இங்கனயே மெஷினைப் போட்டுட்டு மாடியில தங்கிக்கிறாளாம்.

"அப்பாகிட்ட நீயே சொல்லு தாயி"ன்னேன்.

"நான் சொன்னா என்னையும் சந்தேகப்படுவாக மாமா"ன்னா.



காளிராஜ்

விருதுநகர்
16.10.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன்னைப் பற்றி அப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும்.

குட்டியானை வேனில் மெஷின் ஏறும்போது ஸ்ரீமதி, "மாத்திரையை மறக்காதீகப்பா" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தானே, தினமும் போய் வரலாமே என்று கேட்க நினைத்தேன். மெஷின் ஆடாமல் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

நேற்று நான் சிவகாசி வந்திருந்தேன். உன் பிரஸ் பக்கம் வரவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாக் கம்பெனிப் பெண்களும் ஆமத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் போய் நின்றேன். முதலில் வந்த இரண்டு பேருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். மூன்றாவது பெண், "என்ன தாத்தா, வழி தெரியலையா?" என்று கேட்டாள். இல்லையம்மா, இங்கே ஒரு தையல் கடை புதிதாக வந்திருக்கிறது என்று தொடங்கினேன்.

கூட்டத்தில் மூக்கம்மாள் இருந்தாள். "ஏய், இவுகதான்டி என் துணிய வாங்காம அனுப்புனவுக! இன்னைக்கு என்ன நம்பரு தாத்தா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"நம்பர் இல்லையம்மா. அன்றைக்குச் செய்தது தப்பு. சும்மா வாருங்கள்" என்றேன்.

"தாத்தாவுக்கு வேர்த்து ஊத்துது, விடுங்கடி. எங்கன இருக்கு கடை?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். சொன்னேன். பிறகு வந்தவர்களுக்கும் சொன்னேன். பஸ் வரும்வரை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை. தீபாவளிவரை ஒன்றுவிட்டு ஒருநாள் வரலாம் என்றிருக்கிறேன்.

நான் வருவது ஸ்ரீமதிக்குத் தெரிய வேண்டாம்; அந்தப் பெண்களிடமும் இதைக் கேட்டுக்கொண்டேன். வருகிறவர்கள் தானாக வருகிறார்கள் என்றே அவள் நினைக்கட்டும். நீ சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் அத்தான்,
சங்கரபாண்டியன்