எஸ்.எம்.பி.எஸ். வைக்காமல் விட்ட கேபினெட்

பக்கத் தகட்டைக் கழற்றியதும் கோவளம் வாசனை வந்தது. உப்பும் சாம்பிராணியும் கலந்த உன் வீட்டு வாசனை. ஒரு முறைகூட ஓடாத கம்ப்யூட்டருக்குள் அது எப்படிப் புகுந்ததோ தெரியவில்லை. மேசைவிளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். போர்டு இருந்தது. ப்ராசஸர், மெமரி, அகலமான கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அடியில், எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் அறை மட்டும் காலியாக இருந்தது. வீட்டுக் கரண்டை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தகரம். அதை மட்டும் ஏன் விட்டு வைத்தாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சோம்பல் என்றுதான் நினைத்தேன்.

உன் மகள் நஸ்ரின் இதை லோடு ஆட்டோவில் செங்கல்பட்டு வரை கொண்டுவந்தாள். ஒரு ஆள் தூக்க முடியாத கேபினெட். இடுப்பு உயரம், நாலாபுறமும் கண்ணாடியும் வலையும். கதவைத் திறந்தபோது உன் கண்கள் என் வாசலில் நின்றன. உள்ளே கூப்பிட ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

நீ போன செய்தி எனக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. பொத்தேரியில் நம் கடைக்கு எதிரே டீ போட்டவர் சொன்னார். நெஞ்சுவலி என்றார். உன் வீட்டிலிருந்து யாரும் சொல்லவில்லையே என்று அதையும் மனதில் குறித்து வைத்தேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை, உனக்குத் தெரியும். திருப்போரூர் மனையை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்ற அண்ணனை மறக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவனைத் துறைத்தலைவர் நாற்காலியில் உட்காரவைத்த கல்லூரியை, அங்கேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, மறக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் முதல் இடம் உனக்குத்தான். உன்னிடம் கேட்க ஒரே கேள்வி இருந்தது. அதற்குப் பதில் வாங்காமல் உன்னோடு பேசுவதில்லை என்று இருந்தேன்.

நஸ்ரின் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். அதுவும் உன் பழக்கம்தான்.

"மாமா, நான் பொத்தேரியில அனிமேஷன் படிக்கிறேன். கடைசி வருஷம். இதுக்குத்தான் அத்தா ஒண்ணொண்ணா வாங்கிப் போட்டாரு. அம்மா வித்துடுன்னுது, இதைப் பார்த்தாலே அழுகையா வருதாம். நான் தரமாட்டேன்னுட்டேன். எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான் பாக்கி. எதுன்னு நீங்க சொல்லுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"கடையில கேட்டா சொல்வாங்களே."

"கேட்டேன். கடைக்கு ஒண்ணு சொல்றாங்க. தப்பா போட்டா எல்லாம் எரிஞ்சிடும்னு அத்தா பயமுறுத்தி வெச்சிருக்காரு."

எரிந்துவிடும் என்று நீ சொன்னாயா? நீயா?

நாம் இருவரும் கடை போட்ட நாள் நினைவிருக்கிறதா? காலேஜ் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் சின்னக் கடை. நான் எலெக்ட்ரானிக்ஸ் எம்.எஸ்சி. முடித்து வேலை கிடைக்காதவன். நீ கோவளத்தில் உன் மாமாவின் ரேடியோ கடையில் ஒயர் சீவியவன். ஆயுத பூஜைக்கு நான் கேபினெட்டுகளுக்குச் சந்தனம் வைப்பேன், நீ பொரி பொட்டலத்தை அணைத்துக்கொண்டு, "சாமிக்கு முன்னாடி கஸ்டமருக்குக் குடு மச்சான்" என்பாய்.

எஸ்.எம்.பி.எஸ். தேர்வில் மட்டும் நமக்குள் வேலை பாதி பாதி. எத்தனை வாட் வேண்டும், அதில் ப்ராசஸரும் கார்டும் இழுக்கிற பன்னிரண்டு வோல்ட் பக்கம் உண்மையாக எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்பது நான். ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. ஒயர் நீளம் பார்ப்பது நீ. பெரிய கேபினெட்டில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் அதுதான். எஸ்.எம்.பி.எஸ். அடியில் இருக்கும், ப்ராசஸருக்குப் போகும் ஒயர் போர்டின் மேல் மூலையைத் தொட வேண்டும். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் பல பிராண்டுகளில் விரற்கடை அளவு எட்டாது. மற்றவர்கள் நடுவில் இன்னொரு ஒயரை இணைத்துச் சமாளிப்பார்கள். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "நம்ப பக்கம் உப்புக்காத்து மச்சான். நடுவுல ஜாயின்ட் போட்டா பச்சை பூத்துகினு சூடாயிடும். ஒரே ஒயரா போவணும்." அதற்காக மீன்வலைக்குப் போடும் நைலான் கயிற்றைக் கொண்டுவந்து வைத்திருந்தாய். கேபினெட்டின் பின்பக்க ஓட்டைகள் வழியாக, ஒயர் எப்படிப் போகுமோ அப்படியே வளைத்து விட்டு, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு உருவுவாய். அந்தக் கயிற்றோடுதான் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போவோம். "வாட்ஸு உன்து, நீளம் என்து" என்பது நம் கடைச் சட்டம்.

அந்தச் சட்டத்தை ஒரு நாள் நீ மீறினாய். மாமல்லபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர். வரும் பார்ட்டிகள் பார்த்து மலைக்கவேண்டும் என்று இடுப்பு உயரக் கேபினெட் கேட்டவர். முகூர்த்த சீசன், கார் வாசலில் நிற்கிறது, நான் சொன்ன எஸ்.எம்.பி.எஸ். வந்து சேரவில்லை. நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், கேபினெட்டோடு இலவசமாக வந்த, காற்றாடிபோல் கனமில்லாத மட்டமான எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றாமல் அப்படியே மூடிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். அந்த மாதமே அது வெடித்தது. போர்டும் போயிற்று, டிஸ்க்கும் போயிற்று, அதில் இருந்த யாரோ ஒரு பெண்ணின் கல்யாணமும் போயிற்று.

அவர் கடைக்கு வந்து கத்தியது உன்னிடம் இல்லை, என்னிடம்.

"இன்னா சார், எம்.எஸ்சி. படிச்சவர்னு போர்டு மாட்டிகினு உக்காந்துகீறியே! பொண்ணு வூட்டுக்காரன் என் சட்டையப் புடிக்கிறான். தாலி கட்டுனதை நான் திரும்பக் கட்டச் சொல்லட்டா?"

கடை நிறைய மாணவர்கள். அதில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீ ஓரத்தில் உட்கார்ந்து ஒயர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னையே பார்த்தேன். நீ தலை தூக்கவில்லை. 'நான்தான் போட்டேன்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. அவர் போன பிறகு, "வுடு மச்சான், கஸ்டமர்தானே" என்றாய். நான் விடவில்லை. மறுவாரம் சாவியை உன் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். நீயும் கொஞ்ச நாளில் கடையைக் காலி செய்து கோவளத்துக்கே போய்விட்டாய். ஏன் சொல்லவில்லை? இதுதான் அந்தக் கேள்வி. இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நஸ்ரின் போன பிறகு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். ப்ராசஸர் எவ்வளவு இழுக்கும், அந்தக் கார்டு திடீரென்று எகிறும்போது எவ்வளவு இழுக்கும், விசிறிகள், டிஸ்க். மேலே ஒரு பங்கு விட்டு எண்ணூற்றைம்பது வாட் என்று வந்தது. அளவு பார்க்கக் கேபினெட்டைத் திருப்பி, மறுபக்கத் தகட்டையும் கழற்றினேன்.

கயிறு இருந்தது.

பச்சை நைலான் கயிறு. அடி அறையில் ஒரு முடிச்சு. அங்கிருந்து பின்பக்க ஓட்டை வழியாக ஏறி, போர்டுக்குப் பின்னால் வளைந்து, மேல் மூலை ஓட்டையில் எட்டிப் பார்த்து இன்னொரு முடிச்சு. நீ எப்போதும் விடுகிற இரண்டு விரல் தளர்வுகூட அப்படியே இருந்தது. வழக்கமாக அளந்ததும் உருவிவிடுவாய். இதை உருவவில்லை.

நஸ்ரினுக்குப் போன் செய்தேன்.

"இந்தக் கயிறு எப்போ போட்டாரு?"

"அதுவா? நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி மாமா. அளந்துட்டீங்கல்ல, போய் வாங்கிட்டு வாங்கன்னு அம்மா சொல்லிச்சு. 'என் வேலை முடிஞ்சிடுச்சி. வாட்ஸு அவன்து, அவன் வந்து சொல்லட்டும்'னாரு."

"யாரு வந்து?"

"நீங்கதான் மாமா. போன் பண்றேன் பண்றேன்னு சொல்லிகினே இருந்தாரு. உங்க நம்பரை எடுத்து வெச்சிகினு கடல் பக்கம் போவாரு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துடுவாரு. 'இன்னா சொன்னாரு'ன்னு கேட்டா, 'பிஸியா இருப்பான், வுடு'ன்னுவாரு."

நான் பிஸியாக இல்லை. கொளவாய் ஏரிக்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்திருப்பேன். நீ கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எடுத்துவிட்டு முதலில் உன்னைத் திட்டியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கடல் வரை போய்த் திரும்பியிருக்கிறாய். திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாமே, பாவி. அதற்குப் பிறகு வாட்ஸ் சொல்லியிருப்பேன்.

கயிற்றை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் சென்னைக்கு ரயிலேறினேன். கடைப்பையன் பெயர்பெற்ற பெட்டியாக ஒன்றை எடுத்து வைத்தான். வாட் சரியாக இருந்தது. ஒயரை வெளியே எடுக்கச் சொல்லிக் கயிற்றை அதன்மேல் நீட்டினேன்.

"இன்னா சார், ஜாக்கெட் தைக்க அளவு எடுக்கிறியா?" என்று சிரித்தான்.

ஒயர் முடிச்சை எட்டவில்லை. "ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கோ சார், எல்லாரும் அதான் பண்றாங்கோ" என்றான். "எங்க பக்கம் உப்புக்காத்துப்பா" என்றேன். கோவளத்தை என் பக்கம் என்று சொன்னது வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவன் அலுத்துக்கொண்டே உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தான். அதன் ஒயர் முடிச்சைத் தாண்டிப் போயிற்று.

கேபினெட்டை மறுபடி லோடு ஆட்டோவில் ஏற்றிக் கோவளம் கொண்டுபோய், அதை உன் வீட்டில் வைத்துத்தான் மாட்டினேன். உன் மனைவி கதவோரம் நின்று பார்த்தார். கயிறு கிடந்த அதே வழியில் ஒயரைச் செலுத்தி மேல் மூலையில் சொருகினேன். இழுப்பும் இல்லை, தொங்கலும் இல்லை. நஸ்ரின் ஸ்விட்சைப் போட்டாள். விசிறிகள் சுற்றத் தொடங்கின. சத்தமே இல்லாமல் அவ்வளவு பெரிய பெட்டி மூச்சு விட்டது. உன் மனைவி அப்போதுதான் அழுதார். பிறகு, "டீ போடறேன் இருங்கண்ணே" என்று உள்ளே போனார். மேசையில் கப் வைக்க இடமில்லை, கேபினெட்டின் தலைமேல் வைக்கப் போனேன். "அங்க வெக்காதீங்க மாமா, அத்தா கொன்னுடுவாரு" என்றாள் நஸ்ரின். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கயிறு மன்னிப்பு கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் நீ தலை தூக்கியிருக்க வேண்டும். அதை இப்போதும் சொல்கிறேன், இனி யாரிடம் சொன்னாலும் சொல்வேன். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கயிற்றை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நஸ்ரினும் கேட்கவில்லை. கல்லூரிக்குப் போகும்போதும் பையில் இருக்கிறது. பேனா எடுக்கும்போது விரலில் முடிச்சுத் தட்டுப்படுகிறது. அளக்க வேண்டிய கேபினெட் எதுவும் என்னிடம் இப்போது இல்லை.

வாட்ஸ் எண்ணூற்றைம்பது போட்டிருக்கிறேன். நீளம் நீ பார்த்தது சரியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.